துரைப்பாண்டி திரும்பி வந்த மாட்டினி

பதினைந்து நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ராஜபாளையத்தில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தேன். படம் முடிந்ததும் தகரக் கொட்டகையே அதிரும்படி எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டியிருக்க வேண்டும்... பக்கத்தில் இருந்தவர் திரும்பி ஒரு மாதிரி பார்த்தார்.

அப்படித் தட்டியதற்காக இன்றுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை. வழக்கமான சிரிப்பு இதில் குறைவாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம், பேர்போன ஒரு பழைய நாவலை வைத்து எடுத்தது. நாவலின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் நாலு பேர் வாங்கிப் படித்துவிட்டு, நான் கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கடிதம் போடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

கதை இவ்வளவுதான். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு குளிர்தேசம். இந்தப் பக்கம் ஒரு ராஜா, அந்தப் பக்கம் ஒரு ராஜா, நடுவில் காடு. காட்டின் எல்லையில் ஒரு மரக்கோட்டை. எதிரி வந்து கோட்டையை வளைத்துக்கொள்கிறான். உள்ளே சாப்பாடு தீர்ந்துபோகிறது. உதவி கேட்டுத் தளபதி ஒரு கடிதம் எழுதுகிறார். அதைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, காட்டு வழி தெரிந்த ஒருவன் ஆற்றைத் தாண்டிப் போகிறான்.

போனவன் என்ன ஆனான்? நாவலில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. படத்தில் வேறு பதில். மூன்றாவதாகவும் ஒரு பதில் உண்டு — அது நான் சொன்னது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. ஒரே வளவுக்குள் நாலு குடும்பம், நடுவில் ஒரு கிணறு. எங்களுக்கு அடுத்த வீட்டில் செல்லத்துரையும் எஸ்தரும் இருந்தார்கள். செல்லத்துரைக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் உத்தியோகம். காயத்துக்குக் கட்டுப்போடுகிற வேலை. எஸ்தர் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். ரவிக்கை, ஜம்பர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கவுன். குழந்தை இல்லை. அந்த ஒரு குறைதான். மற்றபடி அந்த வீட்டில் எப்போதும் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

செல்லத்துரை மதுரைக்குப் போயிருந்தபோது ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த நாவலை வாங்கி வந்தார். செங்கல் கனம். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், எஸ்தர் மிஷினை மிதித்துக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு பக்கம் படிப்பார், பிறகு அதைத் தமிழில் சொல்லுவார். எஸ்தருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். இங்கிலீஷ் தெரியாது.

இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையாது என்று எல்லோருக்கும் நம் ஊர்ப் பெயராக வைத்துவிட்டார் மனுஷர். கடிதம் கொண்டுபோகிறவன் துரைப்பாண்டி. தளபதி, மீசைக்காரத் தாத்தா. ஆறு, வைப்பாறு. அந்தக் காடு வேறு எது... நம் செண்பகத்தோப்புதான். பனி என்றால் என்ன என்று எஸ்தர் கேட்டபோது, "பஞ்சு பேக்டரில காத்தடிச்சா எப்படிப் பறக்கும், அதே மாதிரி எந்நேரமும் பறக்கும்" என்றாராம். இதை அவள்தான் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பாதிப் புத்தகம் ஆயிற்று. துரைப்பாண்டி கடிதத்தோடு கோட்டைச் சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டான். அந்த வாரம்தான் பட்டாளத்துக்கு டிரஸ்ஸர்கள் வேண்டும் என்று ஆள் எடுக்க வந்தார்கள். செல்லத்துரை பெயர் கொடுத்துவிட்டார். புறப்படுகிற அன்று புத்தகத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை அடையாளம் வைத்து மூடி, "மீதிய வந்து சொல்லுதேன்" என்று எஸ்தர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் எங்கெங்கோ இருந்து கடிதம் வந்தது. பிறகு பர்மா எல்லையிலிருந்து. பிறகு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. அதை நான்தான் படித்துச் சொன்னேன். ஆற்றைக் கடக்கும்போது நடந்த ஒரு தாக்குதலுக்குப் பிறகு அவரைக் காணவில்லை என்று எழுதியிருந்தது. 'காணவில்லை' — அவ்வளவுதான். இருக்கிறார் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

ஒரு வாரம் கழித்து எஸ்தர் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அவிய பாதில வுட்டுட்டுப் போயிட்டாவ. வர நாளாவும் போலருக்கு. மீதிய நீங்க சொல்லுதியளா?"

எனக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை. மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டேன். முதலில் நான் ஒரு தடவை படித்துவிடலாம் என்று சீட்டு வைத்திருந்த இடத்தில் திறந்தேன்.

அடுத்த அத்தியாயத்திலேயே துரைப்பாண்டி செத்துப்போகிறான்.

ஆற்றைக் கடந்து அக்கரையில் கால் வைக்கும்போது குண்டு படுகிறது. நாணல் புதரில் விழுந்து கிடக்கிறான். மூன்று நாள் உயிர் இருக்கிறது. கடிதம் சட்டைக்குள்ளேயே கிடக்கிறது. உதவி வரவில்லை. கோட்டை விழுந்துவிடுகிறது. நாவல் அதற்குப் பிறகு இன்னும் நூற்றைம்பது பக்கம் போகிறது. அதை மேலோட்டமாகத்தான் புரட்டினேன்.

ஆறு. அக்கரை. காணவில்லை. ஒருத்தியின் புருஷன் காணாமல் போன அதே மாதிரி இடத்தில் இன்னொருவனைக் கொன்று போடுகிற பக்கத்தை, நான் எப்படி வாய்விட்டுப் படிப்பேன்? நீங்கள் படிப்பீர்களா?

நான் படிக்கவில்லை. எஸ்தர் வீட்டில், என் மனைவி பாக்கியம் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, நான் முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, என் சொந்தக் கதையைச் சொன்னேன். குண்டு பட்டது உண்மைதான். ஆனால் தேன் எடுக்க வந்த காட்டு ஆட்கள் இருவர் துரைப்பாண்டியைப் பார்த்துத் தூக்கிப்போகிறார்கள். பச்சிலை வைத்துக் கட்டுகிறார்கள். காய்ச்சல் வருகிறது, போகிறது. பேச்சு மறந்துபோகிறது, பிறகு வருகிறது. ஒன்றரை வருஷம் கழித்து, தாடியும் மீசையுமாக, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து, துரைப்பாண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான்.

மிஷின் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செத்த நேரம் இருங்க, காப்பி போடுதேன்" என்று எழுந்து போனாள். எனக்கு என்னவோ பெரிய தர்மம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "நெசமாவே அப்படித்தான் எழுதிருக்கா?"

"இல்லை" என்றேன்.

"நல்ல காரியம் பண்ணுனிய, போங்க" என்றாள். பாராட்டு இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

யுத்தம் முடிந்தது. போனவர்களில் சிலர் வந்தார்கள். சோழபுரத்துக்கு ஒருவர் ஒரு கை இல்லாமல் வந்தார். எஸ்தர் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவருக்குச் செல்லத்துரையைத் தெரியாது. இந்த வருஷம் சித்திரையில் பட்டாளத்திலிருந்து இரண்டாவது காகிதம் வந்தது. அதையும் நான்தான் படித்தேன். 'இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்' என்று இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேர் அவளுடைய வாய் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் எங்கள் போதகர். எஸ்தர் சரி என்று சொன்னால்தான் கோயிலில் செல்லத்துரைக்கு நினைவு ஆராதனை நடத்த முடியும். அவள் சொல்லாமல் எப்படி நடத்துவது? இன்னொருவர், ராஜபாளையத்தில் மில்லில் வேலை பார்க்கிற அவள் அண்ணன் ஞானமுத்து. செட்டியார்பட்டியில் பெண்டாட்டியை இழந்த ஒரு வாத்தியார் இருந்தார். நல்ல மனுஷர். எஸ்தருக்கு இருபத்தேழு வயசுதானே என்று பெண் கேட்டு அனுப்பியிருந்தார். ஆராதனை முடியாமல் அந்தப் பேச்சை எடுக்க வழியில்லை.

எஸ்தர் இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். எங்கள் கிணற்றடியில் நின்று அண்ணனிடம் அவள் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"ஆத்துல வுழுந்தவுக எல்லாரும் செத்தா போயிருதாவ? காட்டாளுக தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாகளா? பேச்சு மறந்துருக்கும். கால் சரியாவணும்ல. அம்புட்டுத் தூரம் நடந்து வர நாளாவாதா?"

ஞானமுத்து முழித்தார். "எந்தக் காட்டாளுகட்டி?"

காட்டாட்கள் நான் உண்டாக்கியவர்கள். அவர்களுக்கு அந்த ஒரு சாயங்காலத்தைத் தவிர வேறு எங்கேயும் வீடு கிடையாது.

அன்றைக்கே போய் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். பாக்கியமும் சொன்னாள். "நீங்க அவிழ்க்க வேண்டிய முடிச்சு அது. அந்தப் புள்ள வயசு உங்க கதைக்குள்ள போய்க்கிட்டிருக்கு" என்றாள். நாளைக்கு என்றேன். ஞாயிறு கழியட்டும் என்றேன். பரீட்சை முடியட்டும் என்றேன். வாரா வாரம் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுகிறவன் லட்சணம் இது.

இப்படி இருக்கும்போதுதான் நோட்டீஸ் வண்டி வந்தது. ராஜபாளையம் கொட்டகையின் மாட்டு வண்டி, இரண்டு பக்கமும் படத் தட்டி, முன்னால் ஒரு தம்பட்டம். மஞ்சள் காகிதத்தில் இங்கிலீஷ் படத்துக்குத் தமிழில் நோட்டீஸ். 'குதிரைச் சண்டை! துப்பாக்கிச் சண்டை! பனிக்காட்டில் பயங்கரக் கோட்டை முற்றுகை! உயிரைத் துச்சமாக மதித்து ஆற்றைக் கடக்கும் வீரன் பிழைப்பானா? மீதியை வெள்ளித் திரையில் காண்க!' எஸ்தர் அந்த நோட்டீஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இது நம்ம துரைப்பாண்டி கதைல்லா?"

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். படம் நன்றாக இல்லையாம் என்றேன். இங்கிலீஷ் புரியாது என்றேன். கூட்டம் நெரியும் என்றேன். "கதைதான் தெரியுமே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஞானமுத்துவுக்கோ சந்தோஷம். தங்கை நாலு வருஷமாகப் படம், திருவிழா என்று எங்கேயும் போனதில்லை. படம் பார்த்து மனசு கொஞ்சம் இளகினால் அந்த வாத்தியார் பேச்சை எடுக்கலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நானே டிக்கெட் வாங்கி வைக்கிறேன் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார்.

நான் ஒரு யோசனை செய்தேன். எஸ்தருக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நானே கதை சொல்லிக்கொண்டு வருவேன். அவன் சாகிற இடம் வரும்போது, செத்தது வேறு ஆள் என்று சொல்லிவிடுவேன். பனிக்காட்டில் எல்லோரும் ஒரே மாதிரித்தானே உடுத்தியிருப்பார்கள்? ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு மனுஷன் எவ்வளவு பாடுபடுகிறான், பாருங்கள்.

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடுகிற கரி கேஸ் பஸ் இருமிக்கொண்டே எங்களை ராஜபாளையத்தில் கொண்டுபோய் இறக்கியது. நான், பாக்கியம், எஸ்தர். ஞானமுத்து கொட்டகை வாசலில் காத்திருந்தார். உள்ளே நுழைந்த பிறகுதான் என் யோசனையின் ஓட்டை தெரிந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். எத்தனை தடவை அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கிறேன்... அது எப்படி மறந்தது? நான் சுவரோரமாக நின்று பாக்கியத்தைக் கூப்பிட, டிக்கெட் கிழிக்கிறவர் தெலுங்கில் ஏதோ சொல்லி என்னை நகர்த்தி உட்காரவைத்துவிட்டார்.

எஸ்தர் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு மிஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். மற்ற நாளில் அதைத் திட்டுவேன். அன்றைக்கு அந்த வெளிச்சத்துக்காகவே காத்திருந்தேன். விளக்கு எரியும்போதெல்லாம் சுவருக்கு மேலாக எஸ்தர் முகத்தைத் தேடினேன்.

முதல் விளக்கில் அவள் பாக்கியத்திடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் துரைப்பாண்டி வந்தாயிற்று. ஆறடி உயரம், வைக்கோல் நிறத்தில் தலைமயிர், வரிசையாகப் பல். நாவலில் அவன் குட்டையானவன், நாற்பது வயசு, முன்வழுக்கை. அதோடு அந்த நடிகன் பனியில் உருண்டு எழுந்தாலும் சட்டை கசங்கவில்லை. இரண்டாவது விளக்கில் அவள் ஒருவரிடமும் பேசவில்லை. மூன்றாவது விளக்கில் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கு விற்கிறவன் இடையில் வந்து மறைத்துவிட்டான்.

இந்தப் பகுதியிலேயே நான் முன்பு எழுதியிருக்கிறேன், நினைவிருக்கலாம். நாவலைப் படமாக எடுக்கிறவர்கள் நாவலைக் கெடுக்கிறார்கள், அதில் இருப்பதை மாற்றுகிறார்கள் என்று. எவ்வளவு காட்டமாக எழுதினேன்! அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? கடவுளே, இந்தப் புண்ணியவான்கள் எதையாவது மாற்றியிருக்க வேண்டும்...

மாற்றியிருந்தார்கள்.

துரைப்பாண்டி ஆற்றைக் கடந்தான். குண்டு தொப்பியை மட்டும் கொண்டுபோயிற்று. கடிதத்தைக் கொடுத்தான். கொம்பு ஊத, கொடி பறக்க, இருநூறு குதிரை வீரர்களோடு திரும்பி வந்தான். கோட்டைக் கதவு திறந்தது. ஒரு பெண் ஓடி வந்து அவன் மார்பில் விழுந்தாள். தரையிலிருந்த ஜனங்களெல்லாம் எழுந்து நின்று விசிலடித்தார்கள். அப்போதுதான் நான் கை தட்டினேன். நான் தப்பித்தேன் என்று தட்டினேன். என் பொய்யை அமெரிக்காக்காரன் லட்சம் லட்சமாகச் செலவழித்து உண்மையாக்கிக் கொடுத்துவிட்டானே!

வெளியே வந்தோம். எஸ்தர் கண்ணில் ஈரம் இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞானமுத்து அதைக் கவனிக்கவில்லை. "படம் நல்லாருந்துச்சாட்டி? எம்புட்டுக் குதிரை, என்ன?" என்றார்.

"நல்லாருந்துச்சு, அண்ணே" என்றாள்.

பஸ்ஸில் ஏழு மைலும் எஸ்தர் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு என்னென்னவோ தோன்றியது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லையோ? யாராவது எதையாவது சொன்னார்களோ? என் பொய் கலைந்திருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? துரைப்பாண்டிதான் உயிரோடு வந்துவிட்டானே!

திங்கட்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எஸ்தர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புத்தகம். பாக்கியம் அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"படத்துல அந்த ஆளு வந்துட்டாரு, அண்ணாச்சி" என்றாள்.

"ஆமாம்மா. நான் சொன்ன மாதிரியே..."

"வந்தாரு. நல்ல ஆளுதான். அந்தப் பொண்ணும் எம்புட்டு நாளாக் காத்துக் கெடந்தாளோ... அழுதா. எனக்கும் சந்தோசந்தான்." மடியிலிருந்த புத்தகத்தைத் தடவினாள். "ஆனா அவரு யாரோல்லா. அவிய கதை சொல்லயில, துரைப்பாண்டிக்கு அவிய மொகந்தான். நான் கேட்டதும் பார்த்ததும் அப்படித்தான். அந்தத் தோளு, அந்த இருமலு, செருப்பத் தேச்சுத் தேச்சு நடப்பாவள்ல, அந்த நடை. நீங்க சொன்னப்பமும் அவியதான் வாசல்ல வந்து நின்னாவ. முந்தாநேத்து அம்புட்டுப் பேரும் வூட்டுக்கு வந்துட்டாவ, அண்ணாச்சி. அவிய மட்டும் வரல."

படிக்கிற கதையில் முகத்தை நாம் போட்டுக்கொள்கிறோம்; படத்தில் அவர்கள் போட்டு அனுப்புகிறார்கள். புத்தகமா படமா என்று காபி கிளப்பில் எத்தனையோ நாள் மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். இந்தச் சின்ன விஷயம் என் புத்திக்கு எட்டியதே இல்லை. அது எட்ட ஒரு பெண் இப்படி என் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். "எஸ்தர், அந்தக் கதை... நான் அன்னைக்குச் சொன்னது..."

"அது புத்தகத்துல இல்லைன்னு தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. அவிய சொல்லயில செத்த நேரத்துக்கொருக்க தாளு திரும்பும். நீங்க அர மணி நேரம் சொன்னிய. ஒரு தாளு கூடத் திரும்பல."

மிஷினை நிறுத்திவிட்டு அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நடித்த நடிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

"தெரிஞ்சுமா இத்தனை நாள்...?"

"பொய்யின்னு தெரிஞ்சா நம்பக் கூடாதா, அண்ணாச்சி?" என்று கேட்டாள். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

புத்தகத்தை என் பக்கம் நீட்டினாள். ஆஸ்பத்திரிச் சீட்டு அதே இடத்தில் இருந்தது. "இப்ப உள்ளத வாசிங்க."

வாசித்தேன். ஒவ்வொரு வாக்கியமாக, இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னேன். குண்டு பட்டதைச் சொன்னேன். நாணல் புதரைச் சொன்னேன். மூன்று நாள் என்ற இடம் வந்தபோது நாக்கு தடுமாறியது. உடனே உயிர் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா? ஒரே ஒரு வார்த்தைதானே? பாக்கியம் நிலையில் சாய்ந்தபடி என்னையே பார்த்தாள். சொன்னேன். மூன்று நாள் என்றே சொன்னேன்.

"மூணு நாளா?"

"ஆமாம்."

"பக்கத்துல ஆளே இல்லியா?"

"இல்லை. முதல் நாள் தண்ணிக்காக ஆத்துப் பக்கம் நகரப் பார்க்கிறான். முடியலை. ரெண்டாம் நாள் மழை பெய்யுது. வாயைத் திறந்து மழைத்தண்ணியைக் குடிக்கிறான். மூணாம் நாள் காலையில..." அங்கே அந்த ஆசிரியர் நன்றாகவே எழுதியிருந்தார். படித்துச் சொன்னேன். என் குரல் உடைந்துவிட்டது. எஸ்தர் உடையவில்லை. ரவிக்கைத் துணியை அளந்து பார்க்கிற பெண்ணின் கவனத்தோடு கேட்டாள்.

"மழை பேஞ்சுச்சு, என்ன?" என்றாள் கடைசியில். "அதுவரைக்கும் நல்லது."

பாக்கியம் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பொறவு?" என்றாள் எஸ்தர்.

"அவ்வளவுதான். அத்தியாயம் முடிஞ்சுபோச்சு."

"அவரத் தேடி யாரும் போவலியா? பொதச்சாகளா?"

எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை படித்தபோது அதைக் கவனித்த ஞாபகமில்லை. மீதி நூற்றைம்பது பக்கத்தையும் அவள் எதிரிலேயே புரட்டினேன். கோட்டை விழுந்தது இருந்தது. சமாதானப் பேச்சு இருந்தது. தளபதி மகளின் கல்யாணம் பதினோரு பக்கம். மணப்பெண்ணின் உடுப்புக்கே ஒன்றரைப் பக்கம். இரண்டு தடவை புரட்டினேன். அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. எஸ்தர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதலை, எஸ்தர்" என்றேன்.

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"போதகர் ஐயாகிட்ட ஆராதனைக்குச் சரின்னு நீங்களே சொல்லிருங்க, அண்ணாச்சி. எழுதாம வுட்டுட்டாவன்னா நாமதான செய்யணும்."

போன ஞாயிற்றுக்கிழமை செய்தோம்.